டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக்: அம்பாசமுத்திரம் டிடிபி கடையிலிருந்து ஒரு மதிப்புரை

தொலைந்த பார்ட்டிஷனை (ஹார்ட் டிஸ்க்கில் ஸி, டி என்று பிரித்திருக்கும் பகுதியை) மீட்க டெஸ்ட்டிஸ்க்கை மிஞ்சின இலவச சாப்ட்வேரை நான் இதுவரை பார்க்கவில்லை. அதே ஜிப்புக்குள் கூடவே வரும் போட்டோரெக்கை அவ்வளவு தாராளமாகப் பாராட்ட மாட்டேன். அதுவும் வேலை செய்யும். ஆனால் அது அள்ளிப் போடுவதைப் பிரித்து அடுக்குவதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். பலரும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மார்க் போட்டு "சூப்பர் சாப்ட்வேர்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். டெஸ்ட்டிஸ்க் பைலைப் பெயரோடு கொடுக்கும், போட்டோரெக் பெயரில்லாமல் கொடுக்கும். என் தொழிலில் பைலின் பெயர்தான் பாதிச் சொத்து என்பதால் எனக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

கடை அம்பாசமுத்திரத்தில். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு என்றாலும் சோறு போடுவது டிடிபி. கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாவற்றுக்கும் மேலே கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ். சித்திரை பிறந்துவிட்டால் போதும், ஆடி முடிகிறவரை சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு ஊரில் அம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ கொடை நடந்துகொண்டே இருக்கும். குடியழைப்பு எத்தனை மணிக்கு, மதியக் கொடை எப்போது, சாமக்கொடை எப்போது, வில்லிசை யார், கணியான் கூத்து உண்டா, நையாண்டி மேளம் எந்த ஊர் செட், இதெல்லாம் நோட்டீஸின் மேல் பாதி. கீழ்ப்பாதியில் வரிதாரர்கள் பட்டியல். அந்தக் கீழ்ப்பாதியில்தான் கண்டம். யார் பெயர் யாருக்கு முன்னால், யார் பெயருக்குப் பக்கத்தில் "மும்பை" என்று அடைப்புக்குறி, யாருக்கு இனிஷியல் ரெண்டு என்பதெல்லாம் அந்த ஊரில் பேசிப் பேசித் தீர்த்து வைத்த விவகாரம். ஒரு பெயர் ஒரு வரி கீழே இறங்கினாலும் ஆள் கடைக்கே வந்துவிடுவார்.

அதனால் வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, போன வருசத்து நோட்டீஸையே எடுத்து தேதிய மட்டும் மாத்திப் போடுங்க." அந்தப் போன வருச பைல் என் டி டிரைவில் ஊர்ப் பெயரில் தனித்தனி போல்டராக இருக்கும். முக்கூடல், பாப்பாக்குடி, ஆழ்வார்குறிச்சி, அயன்சிங்கம்பட்டி என்று போகும். உள்ளே "கொடை பைனல்", "பைனல் 2", "பைனல் கரெக்‌ஷன்" என்று ஆங்கில எழுத்தில் பெயர்கள். டிடிபி வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர்களின் அருமை தெரியும்.

ஒரு சித்திரை மாசம், சிஸ்டம் ஆமை வேகத்தில் போகிறது என்று விண்டோஸ் புதிதாகப் போட ஒரு பையனைக் கூப்பிட்டிருந்தேன். நான் முன்னால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், இன்ஸ்டால் திரையில் கண்ணில் பட்ட பார்ட்டிஷன் எல்லாவற்றையும் டெலீட் அடித்துவிட்டு, மொத்த டிஸ்க்கும் காலி இடம் என்று ஆனபிறகு 100 ஜிபிக்கு ஒரு ஸி டிரைவை உருவாக்கி விண்டோஸ் ஏற்றிவிட்டான். போய்ப் பார்த்தால் டி, இ இரண்டும் இல்லை. அவன் முகத்தில் ஒரு கலவரமும் இல்லை.

"அண்ணாச்சி, மிச்ச இடத்துக்குப் பார்ட்டிஷன் போட்டு ஒரு பார்மட் அடிச்சா டிரைவ் வந்துரும்."

"டிரைவ் வரும்லே. உள்ள இருந்தது வருமா? மௌஸை விடு மொதல்ல."

அவன் அந்தப் பார்மட்டை அடிக்காமல் விட்டதுதான் என் யோகம். புது விண்டோஸ் எழுதினது முழுவதும் பழைய ஸி இருந்த இடத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. மிச்ச இடம் தொடப்படவில்லை.

இதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் டெஸ்ட்டிஸ்க் செய்வது மந்திரம் மாதிரி தெரியும். டிஸ்க்கைச் செக்டர் என்கிற சின்னத் துண்டுகளாகப் பிரித்திருக்கும். பழைய முறை டிஸ்க்கில் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் சிஸ்டத்தைத் தொடங்குவதற்கான கோடு. அடுத்த 64 பைட்தான் பார்ட்டிஷன் டேபிள், 16 பைட் வீதம் நாலு வரி. கடைசி 2 பைட் முத்திரை. பார்ட்டிஷனை டெலீட் செய்தால் இந்தக் கணக்கில் இருக்கிற வரிதான் அழிகிறது. தாலுகா ஆபீஸில் பட்டா ஏடு கிழிந்துபோனாலும் வயலும் வரப்பும் கிடந்த இடத்திலேயே கிடக்கும் இல்லையா, அந்தக் கதைதான். டெஸ்ட்டிஸ்க் நேராக வயலுக்குப் போய் வரப்பைப் பார்த்து, ஏட்டைத் திரும்ப எழுதிக் கொடுக்கிறது. ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கத்திலும் அது எந்த முறையில் பைலை அடுக்குகிறது (என்டிஎஃப்எஸ்ஸா, ஃபேட் 32ஆ), எத்தனை செக்டர் நீளம் என்று பூட் செக்டரில் எழுதியிருக்கும். அந்த அடையாளத்தைத்தான் அது டிஸ்க் முழுக்கத் தேடுகிறது.

எழுதியவர் கிறிஸ்டோப் கிரேனியே என்கிற பிரெஞ்சுக்காரர். ஜிபிஎல் என்கிற திறந்த மூல உரிமத்தில் வருகிறது, காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. 7.1 வந்தது 2019இல், 7.2 வந்தது 2024 பிப்ரவரியில். அவசரப்படாத மனுசன். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். விண்டோஸில் இன்ஸ்டால்கூட வேண்டாம்; ஜிப்பை விரித்து, டெஸ்ட்டிஸ்க் வின் என்கிற பைலை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் போதும். ஆனால் எந்த டிஸ்க்கில் பைல் போயிருக்கிறதோ அதே டிஸ்க்கில் இதை இறக்கி விரிக்கக் கூடாது. நான் அந்த டிஸ்க்கைக் கழற்றி, கடையில் இருந்த இன்னொரு சிஸ்டத்தில் மாட்டித்தான் தொடங்கினேன். தனியாக இன்னொரு சிஸ்டம் இல்லாதவர்கள் சிஸ்டம்ரெஸ்க்யூ என்கிற லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யலாம். டெஸ்ட்டிஸ்க்கும் போட்டோரெக்கும் அதிலேயே இருக்கின்றன.

திறந்ததும் கறுப்புத் திரை. மௌஸ் வேலைக்கு ஆகாது. அம்புக்குறி, என்டர், அவ்வளவுதான். முதலில் லாக் பைல் வேண்டுமா என்று கேட்கும். வேண்டும் என்று சொல்லுங்கள், பிறகு யாரிடமாவது உதவி கேட்கவேண்டி வந்தால் அந்தப் பைலைத்தான் முதலில் கேட்பார்கள். அடுத்து டிஸ்க்குகளின் பட்டியல். இங்கேதான் நிதானம் வேண்டும்.  ஒவ்வொரு டிஸ்க்கின் அளவையும் மாடல் எண்ணையும் காட்டும். ஒரே அளவில் இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால் மாடல் எண்ணைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். வேண்டாத டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது. பிறகு பார்ட்டிஷன் டேபிள் எந்த வகை என்று கேட்கும், இன்டெல்லா (மேலே சொன்ன பழைய முறை) ஜிபிடியா (புது முறை) என்று. அதுவே கண்டுபிடித்துக் கீழே ஒரு குறிப்புப் போட்டிருக்கும். அதன் பேச்சைக் கேட்டால் போதும்.

அனலைஸ், அதன்பின் குயிக் சர்ச். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் என் டிஸ்க்கில் பட்டியல் வந்துவிட்டது. புது ஸி இருந்தது. டி இருந்தது, இ இருந்தது. கூடவே பழைய ஸியும் வந்து நின்றது. கீழே "ஸ்ட்ரக்சர்: பேட்" என்று ஒரு வரி. இந்த இடத்தில் பயந்துபோய் வெளியே வந்துவிடுகிறவர்கள் நிறைய. பயப்பட ஒன்றும் இல்லை. பழைய ஸி 150 ஜிபி, புது ஸி 100 ஜிபி, இரண்டும் ஒரே இடத்தின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கிற மாதிரி டேபிளை எழுத முடியாது என்று அது சரியாகத்தான் சொல்கிறது. பழைய ஸி வரியில் நின்று இடது வலது அம்புக்குறியை அழுத்தினால் அந்த வரியின் முன்னால் இருக்கும் எழுத்து மாறும்: நட்சத்திரம் என்றால் பூட் ஆகிற பிரைமரி, பி என்றால் சாதா பிரைமரி, எல் என்றால் லாஜிக்கல், டி என்றால் டெலீட் ஆனது. பழைய ஸியை டியில் விட்டதும் "ஸ்ட்ரக்சர்: ஓகே" என்று மாறியது.

இதற்கு அடுத்த படிதான் இந்த சாப்ட்வேரில் எனக்குப் பிடித்தது. எதையும் எழுதுவதற்கு முன்னால், மீட்கப்போகிற பார்ட்டிஷனின்மேல் நின்று பி (P) கீயை அழுத்தினால் உள்ளே இருக்கும் பைல்களைக் காட்டும். டி டிரைவ் வரியில் நின்று அழுத்தினேன். கறுப்புத் திரையில் தேதியும் அளவுமாக வரிசையாய் வந்தன, ஒவ்வொரு ஊர்ப் பெயரும். பாப்பாக்குடி போல்டருக்குள் போனால் "பைனல் கரெக்‌ஷன்" வரைக்கும் இருந்தது. பெயர்கள் சரியாகத் தெரிந்தால், கண்டுபிடித்த எல்லை சரி என்று அர்த்தம். போல்டர் பெயர்கள் குப்பையாக வந்தாலோ, பைல் சிஸ்டம் சேதமாகியிருக்கிறது என்று சொன்னாலோ, அந்த வரியை நம்பி எழுதக் கூடாது. டீப்பர் சர்ச்சுக்குப் போகவேண்டும். அது டிஸ்க்கை முழுக்கத் துழாவும். 1 டிபி டிஸ்க்காக இருந்தால் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான், அவ்வளவு நேரம் ஆகும்.

பையன் பக்கத்தில் நின்று "ரைட் குடுங்க அண்ணாச்சி, ரைட் குடுங்க" என்று பறந்தான். டேபிளை டிஸ்க்கில் எழுதும் அந்த ரைட்டை நான் முதலில் கொடுக்கவில்லை. பட்டியலில் இருக்கும்போதே ஏ கீயை அழுத்தினால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், பெரிய சி அழுத்தினால் தேர்ந்தெடுத்ததைக் காப்பி செய்யும். அந்த வாரம் அச்சுக்குப் போகவேண்டிய ஊர்களின் போல்டர்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டுத்தான் ரைட் கொடுத்து, ஒய் அழுத்தினேன். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது. செய்ததும் டி, இ இரண்டும் மை கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்தன, எதுவுமே நடக்காத மாதிரி.

இந்த காப்பி எடுக்கிற திரையைப் பற்றி ஒரு குறை உண்டு. சின்ன சி அழுத்தினால் நிற்கிற பைல் மட்டும் காப்பி ஆகும், பெரிய சி என்றால் தேர்ந்தெடுத்தவை. அதற்குமேல் எங்கே வைக்கவேண்டும் என்று கேட்கும் திரையிலும் சி அழுத்தித்தான் சம்மதம் சொல்லவேண்டும். ஒரே எழுத்துக்கு இத்தனை வேலை. அதிலும் வேறு டிரைவுக்குப் போவதற்கு, இரண்டு புள்ளி போட்டிருக்கும் வரியில் என்டர் தட்டித் தட்டி மேலே ஏறி வரவேண்டும். பழகாதவர்கள் அந்த இடத்தில் திணறிப்போய், அது காட்டுகிற இடத்திலேயே காப்பி போட்டுவிடுவார்கள்; அது மீட்கிற அதே டிஸ்க்காக இருந்துவிட்டால் வம்பு.

இன்னொரு வேலையும் டெஸ்ட்டிஸ்க்குக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பலபேர் பார்ப்பதே இல்லை. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு டீச்சர், வருசக்கணக்கான கேள்வித்தாள்களை வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். கரண்ட் போனபோது டிஸ்க் ஓடிக்கொண்டிருந்ததாம். அதற்குப்பின் எதில் சொருகினாலும் "பயன்படுத்துவதற்கு முன் பார்மட் செய்யவேண்டும்" என்றுதான் வருகிறது.

"பார்மட் பண்ணிரலாமாண்ணே? பண்ணா வந்துரும்னு போட்டிருக்கே?"

"போட்டிருக்கிறது டிஸ்க் வந்துரும்னு டீச்சர். கேள்வித்தாள் வந்துரும்னு போடல."

பார்ட்டிஷன் எல்லாம் சரியாக இருந்தது. பூட் செக்டர் மட்டும் கெட்டிருந்தது. அட்வான்ஸ்ட் மெனுவில் போய் பூட் என்று கொடுத்தால் இரண்டு வரி காட்டும். இவருடைய டிஸ்க்கில் பூட் செக்டர் பேட், பேக்கப் பூட் செக்டர் ஓகே. என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டருக்கு ஒரு நகலை அந்தப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் எப்போதும் வைத்திருக்கும். ஃபேட் 32 என்றால் ஆறாம் செக்டரில். பேக்கப் பிஎஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நகல் அசலின் இடத்துக்கு வந்துவிடும். முடிந்தது. பார்மட் அடித்திருந்தாலோ, விண்டோஸில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பித்திருந்தாலோ கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இனி போட்டோரெக். பார்ட்டிஷன் டேபிள், போல்டர் பட்டியல், பைல் பெயர் இவை எதையும் இது பார்ப்பதில்லை. டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து படித்துக்கொண்டே போய், தெரிந்த பைல் வகைகளின் தலைப்பு அடையாளம் எங்கே வருகிறது என்று மட்டும் தேடும். ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும், அந்த மாதிரி. 480க்கும் மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்களை அறியும். பெயர் போட்டோரெக் என்றாலும் வேர்ட், பிடிஎஃப், வீடியோ எல்லாம் எடுக்கும். மீட்கிற டிஸ்க்கில் இது எதையும் எழுதுவதில்லை, படிப்பது மட்டும்தான். அதனால் கைநடுக்கம் இல்லாமல் ஓட்டலாம்.

எப்போது இதுதான் கதி? பார்மட் அடித்து, அதன்மேலேயே புதிதாக எழுதவும் செய்துவிட்டால். கல்லிடைக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த அச்சகக்காரர் ஒருவரின் பேரன், தாத்தாவின் டிஸ்க்கைப் பார்மட் அடித்து அதில் கேம் ஏற்றிவிட்டான். பெயர்ப் பட்டியல் இருந்த பகுதியின்மேல் புதுப் பட்டியல் உட்கார்ந்துவிட்டது. டெஸ்ட்டிஸ்க்கில் பார்த்தால் கேம் போல்டர்தான் தெரிகிறது. போட்டோரெக்கை ஓட்டினோம்.

ஓட்டுவதற்கு முன்னால் ஃபைல் ஆப்ட் என்கிற திரையில் வேண்டாத வகைகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸின் குப்பை எல்லாம் சேர்ந்து வரும். எஸ் அழுத்தினால் எல்லா டிக்கும் போய்விடும்; பிறகு வேண்டியதை மட்டும் வைக்கலாம். இந்தப் பட்டியலில் சில பெயர்கள் ஆளை ஏமாற்றும். டாக் என்பதில் வேர்டோடு பழைய எக்ஸெல், பவர்பாயிண்டும் அடக்கம். டாக்எக்ஸ் என்று தனியாகத் தேடினால் கிடைக்காது. அது ஜிப் என்பதற்குள் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பைல் உள்ளுக்குள் ஜிப்தான். பத்திரிகை வடிவமைக்கிற கோரல்டிராவின் பழைய பைல் வேண்டும் என்றால் ரிஃப் என்பதில் டிக் வைக்கவேண்டும். எக்ஸ்4 முதல் வந்த கோரல் பைல்களுக்கு ஜிப்பும் சேர்த்து. கேமராவின் சிஆர்2, என்இஎஃப் எல்லாம் டிஃப் என்பதில் கிடக்கும். எம்பி4 வேண்டும் என்றால் எம்ஓவி. டிடிபி கடைக்காரர்கள் இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஓடி முடிந்ததும் ரெகப் டிர் 1, 2, 3 என்று போல்டர் போல்டராக இறங்கும், ஒவ்வொன்றிலும் 500 பைல். பெயர்? எஃப் என்று ஓர் எழுத்து, பின்னால் நீளமாக ஓர் எண். வேறு ஒன்றும் இல்லை. அந்த எண் அந்தப் பைல் டிஸ்க்கில் தொடங்கின செக்டர். சில வேர்ட் பைல்களுக்கு மட்டும் உள்ளே பதிந்திருக்கும் டைட்டிலை வாலாகச் சேர்த்திருந்தது. ஆகா என்று பார்த்தால், வேர்ட் அந்த டைட்டிலை எடுத்ததே முதல் வரியிலிருந்து. நம் ஊர் நோட்டீஸ் எதிலும் முதல் வரி பிள்ளையார் சுழிதானே. பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் "உ" அடிக்க சி கீ. ஆகவே வால் வைத்த பைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வால், சி.

அச்சகக்காரர் தலையில் கையை வைத்துவிட்டார். "வே, இத ஒவ்வொண்ணா தொறந்து பாக்கதுக்கு எனக்கு இன்னொரு பிறவி எடுக்கணும்."

அந்தப் பாமினிதான் கடைசியில் கை கொடுத்தது. அவர் இருபது வருசமாக அடித்ததெல்லாம் அந்த எழுத்தில். யூனிகோடில் "கொடை" என்று தேடினால் ஒன்றும் வராது. ஏனென்றால் பைலுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது, ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. பாமினி கீபோர்டில் "கொடை" அடிக்க என், எஃப், எச், ஐ, எல் என்று ஐந்து கீ. சின்ன எழுத்தில் அந்த ஐந்தையும் லினக்ஸில் கிரெப் கட்டளைக்குக் கொடுத்து, அந்த எழுத்துச் சேர்க்கை உள்ள பைல்களின் பெயரை மட்டும் பட்டியல் போடச் சொன்னோம். குப்பையெல்லாம் விலகி, கொடை நோட்டீஸ் மட்டும் மிஞ்சியது. ஆங்கிலத்தில் அந்த வரிசை எங்கேயும் வராது என்பதால் தப்பான பைல் சேரவும் இல்லை. பிறகு ஊர்ப் பெயரையும் அதே மாதிரி பாமினிக் கீயாக மாற்றித் தேடினோம். பெயர் இல்லாத பைலுக்குத் திரும்பப் பெயர் வைத்தது இப்படித்தான். கோரலில் செய்த பத்திரிகைகளுக்கு இந்த வழி பலிக்கவில்லை. அவற்றைச் சின்னப் படமாக வைத்துக் கண்ணால்தான் பார்த்துப் பிரித்தார், பொறுமையாக, பேரனையும் பக்கத்தில் உட்காரவைத்து.

ஸ்டுடியோக்காரர்களுக்குப் போட்டோரெக் இன்னும் நன்றாகவே உதவும். கல்யாண வீட்டு கார்டைக் கேமராவில் பார்மட் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கேமராவின் சாதா பார்மட் பெரும்பாலும் பட்டியலைத்தான் துடைக்கும், படங்கள் கிடக்கும். கார்டில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுவதால் செக்டர் எண்ணே வரிசையாகிவிடுகிறது. பெயர்வாரியாக அடுக்கினால் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து தாலிகட்டு வரை ஏறக்குறைய எடுத்த வரிசையிலேயே வரும். டி (t) என்று தொடங்கும் குட்டிப் படங்கள் நிறைய வரும், அவை தம்ப்நெயில். கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். படத்துக்குள் பதிந்த விவரத்தைப் படிக்கும் எக்சிஃப்டூல் தெரிந்தவர்கள் படம் எடுத்த தேதியையும் மணியையுமே பைல் பெயராக ஒரே கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம். வீடியோவில்தான் ஏமாற்றம். பெரிய வீடியோ பைல் கார்டில் துண்டு துண்டாக விழுந்திருந்தால் போட்டோரெக்குக்கு அந்தத் துண்டுகளைக் கோக்கத் தெரியாது. பைல் வரும், ஓடாது. அல்லது பாதியில் நிற்கும். கல்யாண வீட்டாரிடம் படம் நிச்சயம், வீடியோ நிச்சயமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கறுப்புத் திரை ஆகவே ஆகாது என்கிறவர்களுக்கு அதே ஜிப்பில் கியூபோட்டோரெக் இருக்கிறது. மௌஸில் கிளிக் செய்து ஓட்டலாம். டெஸ்ட்டிஸ்க்குக்கு அப்படி ஒன்று கிடையாது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிட்டேன், ஒரே ஒரு பைல் வேண்டும் என்கிற மாதிரிச் சின்ன விசயத்துக்கு ரெக்குவா என்கிற சாப்ட்வேர் போதும். அதற்கு டெஸ்ட்டிஸ்க் வரைக்கும் போகவேண்டியதில்லை. காசு வாங்குகிற சாப்ட்வேர்களில் நல்லவை இருக்கின்றன. ஆனால் பலதும் பைலைக் காட்டிவிட்டு, சேவ் கொடுக்கும்போதுதான் கட்டணத்தைக் கேட்கும். அந்தக் காட்டுகிற வேலையை டெஸ்ட்டிஸ்க் சும்மாவே செய்கிறது என்பதால், காசு கொடுக்கும் முன் இதில் ஒருமுறை பி கீயை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

எதற்கு இவை இரண்டும் உதவாது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த வகை.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை மீறியபோது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் ஏறியது. அதற்குப்பின் பல நாள், சேறு பிடித்த டிஸ்க்கைத் துணியால் துடைத்துக்கொண்டு வந்தார்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் அதன் வழியாக உள்ளே போய்விடும். வெயிலில் காயவைத்துக் கரண்ட் கொடுத்தால், படிந்த மண் தட்டின்மேல் தேய்ந்து மிச்சம் இருந்ததும் போகும். அதற்கு டஸ்ட் இல்லாத அறை வைத்திருக்கிற மீட்பு நிலையம்தான் வழி, செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். கடகடவென்று சத்தம் போடுகிற டிஸ்க்கும் அதே கணக்கு.

சத்தம் இல்லை, ஆனால் படிக்கும்போது அங்கங்கே நின்று நின்று போகிறது என்றால் முதலில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்கிற சாப்ட்வேரால் டிஸ்க்கை முழுசாக இன்னொரு டிஸ்க்கில் ஒரே இமேஜ் பைலாக எடுத்துவிடவேண்டும். கெட்ட இடங்களைத் தாண்டிப்போய் நல்லதை முதலில் வாரிக்கொண்டு, பிறகுதான் கெட்ட இடத்துக்குத் திரும்பும். எதுவரை படித்தோம் என்பதை ஒரு மேப் பைலில் குறித்துக்கொண்டே போகும், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊருக்கு அது முக்கியம். டெஸ்ட்டிஸ்க்கையும் போட்டோரெக்கையும் அந்த இமேஜின்மேலேயே ஓட்டலாம். சாகக்கிடக்கிற டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டாம்.

எஸ்எஸ்டியில் டெலீட் செய்த பைலுக்கு நம்பிக்கை வைக்காதீர்கள். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே, பைலை அழித்தால் அந்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்கு ட்ரிம் கட்டளை போய்விடுகிறது. அதற்குப்பின் படித்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். போனின் உள் மெமரிக்கும் வழி இல்லை. இப்போதைய போன்களில் அது பூட்டுப் போட்டுத்தான் எழுதப்படுகிறது, சொருகினாலும் டிஸ்க்காகத் தெரியாது. மெமரி கார்டு என்றால் கழற்றிக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம். பிட்லாக்கர் என்கிற விண்டோஸ் பூட்டுப் போட்ட லேப்டாப்பாக இருந்தால் ரெக்கவரி கீயைக் கையோடு கொண்டுவரவேண்டும். "போனை மட்டும் எப்படியாவது பாருங்க அண்ணாச்சி" என்று கெஞ்சுகிறவர்களுக்குப் பதில் சொல்லித்தான் எனக்கு வாய் வலிக்கிறது.

மார்க் கேட்டால், டெஸ்ட்டிஸ்க்குக்கு ஐந்துக்கு நாலரை. அரை மார்க் குறைந்தது அந்தச் சி கீக்காக. போட்டோரெக்குக்கு ஸ்டுடியோக்காரர் கேட்டால் நாலு, டிடிபிக்காரர் கேட்டால் மூன்று. இறக்குவது சிஜிசெக்யூரிட்டி தளத்திலிருந்து மட்டும் இருக்கட்டும். அங்கேயே நன்கொடை கொடுக்கவும் வழி இருக்கிறது. 32 பிட், 64 பிட் இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கும். அச்சகங்களில் பழைய கோரலுக்காகவும் பழைய பிரிண்டருக்காகவும் 32 பிட் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், இரண்டையும் ஒரே பென்டிரைவில் இப்போதே போட்டு, மேலே பெயர் எழுதி மேஜை டிராயரில் வைத்துவிடுங்கள். டிஸ்க் போன அன்றைக்கு அதே சிஸ்டத்தில் நெட்டைத் திறந்து தேடிக்கொண்டிருந்தால், பிரவுசர் சேர்த்து வைக்கிற குப்பையே மீட்கவேண்டிய பைலின்மேல் போய் விழும்.